அம்மா பொறுக்கிய ஒரு கிலோ எள்ளு

1

எள்ளுச் சாக்கு அடுக்கிய மூன்று மரத்தட்டுகளையும் லொறியிலிருந்து இறக்கிய அந்தக் காலை அங்கே நின்றவர்கள் மூன்று பேர். களஞ்சியத்தில் சாக்குக் குத்திச் சாம்பிள் எடுக்கும் வில்லெம், எங்கள் நிறுவனத்தில் கொள்வனவுக்குப் பொறுப்பான அனெக்க, பிறகு நான். நிற்காதவர்கள் ஆறு வீட்டுக்காரர். திருகோணமலைப் பக்கத்துக் கிளிவெட்டியில் தங்கள் கோடைச் சிறுபோகத்து எள்ளை வீட்டுக்குப் பத்துச் சாக்காகக் கட்டி ரொட்டர்டாமுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள். அந்த ஆறில் ஒன்று என் அம்மாவின் வீடு. கிண்ணியா ஹனீபா நானாவும் நிற்கவில்லை. இருபது வருடமாக எங்கள் எள்ளை வாங்கியவர் அவர். அந்த வருடம் மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.

இன்றோடு அதற்கு ஒரு வருடம். “வெள்ளைக்காரன் ஏமாத்திப்போட்டானாம்” என்று மூதூர்வரை கதை போயிருப்பதாக அக்கா சொல்கிறாள். ஒருவரும் ஏமாற்றவில்லை. அதை ஊரிலுள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வில்லெமின் கையில் இருப்பது கூர்முனை வைத்த இரும்புக் குழல். சாக்கில் குத்தி இழுத்தால் மேலே கிடப்பது மட்டுமல்ல, அடியில் கிடப்பதும் வரும். அறுபது சாக்கில் எட்டைத் தானே தெரிவுசெய்து குத்தினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உறவினரின் சரக்கில் நான் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். அதற்கு ஏற்கெனவே கையெழுத்தும் வைத்திருந்தேன்.

எள்ளு வெள்ளைத் தட்டில் கொட்டப்பட்டது. ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. சிவந்த மணல், காய்ந்த காய்களின் ஓடு, காயப்போட விரித்த தறப்பாளிலிருந்து உரிந்த நீல நார், ஒரு வேப்பிலைத் துணுக்கு. எங்கள் வயலில் விளைந்த எள்ளு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

அனெக்க தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது அந்தச் சாம்பிள் இல்லையே” என்றாள்.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்குக் கைநாட்டு. அக்கா, போரில் ஊரே இடம்பெயர்ந்த வருடத்தோடு ஐந்தாம் வகுப்பில் நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, வாய்க்காலில் தண்ணீரும் இல்லை. அந்தச் சிறுபோகம் எல்லோரும் எள்ளு விதைத்தார்கள். அது தண்ணீர் கேட்காது, மாடும் அவ்வளவாக வாய் வைக்காது. அந்தக் காசில்தான் நான் படித்தேன். விவசாயம் படித்து, மேற்படிப்புக்கென்று நெதர்லாந்து வந்து, படிப்பு முடிய இந்த நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை எடுத்தேன். விதைகளையும் பருப்புகளையும் இறக்குமதி செய்து பேக்கரிகளுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் விற்பவர்கள் இவர்கள்.

எள்ளு இவ்வளவு தூரம் நடக்கும் பொருள் என்று இங்கே வந்துதான் கண்டேன். சூடானிலிருந்து வரும், எத்தியோப்பியாவிலிருந்து வரும், நைஜீரியா, மொசாம்பிக், இந்தியா, பரகுவே. இங்கிருந்து மறுபடி கப்பலேறிப் போவதும் உண்டு. சாக்கில் எழுதியிருப்பதைப் பார்க்காமலே, சல்லடையில் தங்குவதை வைத்து எந்த ஊர் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஒவ்வொரு நாடும் எள்ளோடு தன் மண்ணிலும் கொஞ்சம் அனுப்புகிறது. ஆட்டுப் புழுக்கை கிடக்கும். சாக்குத் தைத்த நூல் கிடக்கும். இந்தச் சாக்குகளில் பாதிக்கு மேல், தண்ணீர் இல்லாத காணியில் வேறொன்றும் விதைக்க ஏலாதவர்கள் விதைத்தது. அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் சல்லடையில் தங்கியதைச் சில நாட்களில் உடனே குப்பையில் தட்டமாட்டேன்.

என் மகள் ஆதிரைக்கு இது ஒன்றும் இல்லை. அவளுக்கு ஐந்து வயது. பாணின் மேல் தூவியிருக்கும் எள்ளை ஒவ்வொன்றாகத் தட்டி மேசையில் விழுத்திவிட்டுத்தான் கடிப்பாள். “அது அப்பம்மாவின் வயலில் விளையிறது” என்று ஒருநாள் சொன்னேன். “அப்போ அப்பம்மாவே சாப்பிடட்டும்” என்று டச்சில் சொன்னாள். என் மனைவி கௌரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அனெக்கவிடம் எங்கள் ஊர் எள்ளைப் பற்றிச் சொன்னது நான்தான். கொஞ்சமாக எடுத்துப் பார்ப்போம் என்று அவள் ஒத்துக்கொண்டாள். உடனே ஒரு படிவம் வந்தது. விற்பவர்களில் உறவினர் உண்டா, என்ன உறவு? ஆறு பெயர் எழுத வேண்டும். அம்மாவை எழுதினேன். மற்றது ஒரு பெரியப்பா, ஒரு சித்தப்பா, தாய்வழியில் ஒரு மாமா, அக்காவின் மாமனார், அப்பாவின் மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர். இவ்வளவுக்கும் டச்சில் ஒரே சொல்தான். ஆறு இடத்தில் அதையே எழுதினேன். மனிதவளப் பகுதியிலிருந்து ஒருத்தி கூப்பிட்டு, “பகிடிக்கு எழுதினீர்களா?” என்று கேட்டாள். அம்மா ஒரு வீடு, மற்ற ஐந்து வீட்டுக்கும் ஒவ்வோர் ஆள் என்று விளங்கப்படுத்தி முடிக்க அரை மணித்தியாலம் போனது. ஆறாவது ஆளை ஏன் எழுதினேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஒன்றுவிட்ட சித்தப்பா எள்ளே விதைக்கவில்லை. பெயரை விட்டால் கோபிப்பார் என்று எழுதியிருக்கிறேன்.

3

முதலில் ஒரு கிலோ சாம்பிள் அனுப்பச் சொன்னேன். “ஆறு வீட்டு எள்ளிலயும் எடுத்துக் கலந்து அனுப்புங்கோ” என்றுதான் அக்காவுக்குச் சொன்னது. அவள் அப்படியே செய்தாள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மா வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அந்த எள்ளைக் கொட்டி, இரண்டு கிழமை இருந்து பொறுக்கியிருக்கிறாள். கல்லை எடுத்திருக்கிறாள், உள்ளே ஒன்றுமில்லாத சாவி விதையை எடுத்திருக்கிறாள். உடைந்ததை, நிறம் மாறியதை, மற்றதைவிடச் சின்னதாக இருந்ததைக்கூட விடவில்லை. வெயில் நேரத்தில் அக்காவும் கூட இருந்திருக்கிறாள். குறைந்துபோனதற்கு ஈடாக மற்ற வீடுகளில் மறுபடி வாங்கி, அதையும் பொறுக்கியிருக்கிறாள்.

பிறகு இரண்டு பேரும் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் எள்ளைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள், பகை வரும் என்று. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். கூரியர் கடையில் இருந்த பிள்ளை கையை நீட்ட, அம்மா பொதியை அவளுடைய காலடியில் வைத்திருக்கிறாள்.

“அம்மா, மேசையில வைக்கலாமே.”

“நீ குனிஞ்சு எடு பிள்ளை. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

அந்தப் பிள்ளை தராசு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாளாம்.

நானும் இங்கே அப்படித்தான். ஆய்வுகூடத்தில் எள்ளுத் தட்டை யாருக்கும் கையில் கொடுப்பதில்லை, மேசையில் வைத்துத் தள்ளிவிடுவேன். வில்லெம் முதலில் நான் அவரோடு கோபம் என்று நினைத்திருக்கிறார்.

ஹனீபா நானாவுக்கு இந்தப் பழக்கம் தெரியும். எங்கள் வாசலுக்கு வந்தால் சாக்கைக் கீழே வைக்கும்வரை நிற்பார். ஆனால் அதற்குப் பிறகு சேட்டுக் கையை மடித்துவிட்டு, முழங்கை மறையச் சாக்குக்குள் கையை விடுவார். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்ப்பார். அம்மாவுக்கு அது பிடிக்காது. “எங்களை நம்பேல்லையோ நானா?” என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். “நம்பித்தான் வாரன் தங்கச்சி, எள்ளைத்தான் நம்பேல்ல” என்று அவரும் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். அந்தக் கையை நானும் வெறுத்தேன். இன்று என் சம்பளமே அந்தக் கை செய்கிற வேலைக்குத்தான்.

4

பொதி வந்த நாள் புதன்கிழமை. நானே வெட்டினேன்; கை வைக்கக்கூடாது என்ற சட்டம் சரக்குக்குத்தான், முதல் சாம்பிளுக்கு இல்லை. சாம்பிளைத் தட்டில் கொட்டினேன்.

உலகத்தில் எந்த வயலும் அப்படி எள்ளுத் தராது. ஒரு உடைந்த விதை இல்லை. ஒரு தூசி இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அம்மா பொறுக்கியிருக்கிறாள் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அவள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது வெள்ளைச் சேட்டைத் தேய்த்து மினுக்கித் தருவது போல இருந்தது அந்த எள்ளு.

பொறுக்கிய சாம்பிள் சாம்பிளே இல்லை. முதல் நாள் புதிதாய் வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. அனெக்கவிடம் போய், “இது கையால் பொறுக்கியது, சரக்கு இப்படி இராது, வேறு சாம்பிள் எடுப்பிக்கிறேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

அதற்குள் அனெக்க வந்துவிட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். “இருபத்தைந்து வருடத்தில் இப்படி ஒன்று நான் காணவில்லை” என்றாள். “உன் ஊரா?”

“என் ஊர்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மூன்று வருடம் அந்தக் கட்டடத்தில் வேலை செய்திருக்கிறேன். என் ஊர் எது என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. நூறு கிராம் நிறுத்து, குப்பை ஒன்றும் இல்லை என்று பதிந்து, கீழே கையெழுத்து வைத்தேன்.

அந்தப் பதிவை நம்பி அனெக்க ஒரு பேக்கரிக்காரருக்கு நேரே கொடுக்க வாக்குக் கொடுத்தாள். வழமையாக எல்லா எள்ளும் எங்கள் செலவில் சுத்தம் செய்யும் ஆலைக்குப் போய்வரும். அதற்கேற்ப விலை குறைவு. இதற்கு ஆலை தேவையில்லை என்று விலையைக் கூட்டி, சரக்கு சாம்பிள் போல இல்லாவிட்டால் செலவு விற்பவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதினாள். அம்மா கைநாட்டு வைக்க முன்பு அக்கா தொலைபேசியில் கேட்டாள்: “இந்தக் கடைசிப் பந்தி என்ன சொல்லுது தம்பி?”

“அது எல்லாத்திலயும் போடுறது. வையுங்கோ” என்றேன்.

சாக்குகள் லொறியேறித் திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு களஞ்சியத்தில் இறங்கின. அதிகாரி வந்து பார்த்து முத்திரை குத்தினார். அக்கா படம் அனுப்பினாள்: சாக்கு அடுக்கு, பின்னால் கப்பலே இல்லாத நீல நீர். இவ்வளவு ஆழமான துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எள்ளு மறுபடி லொறியேறிக் கொழும்புக்குப் போய்த்தான் கப்பல் ஏறியது.

5

“இது அந்தச் சாம்பிள் இல்லையே” என்று அனெக்க சொன்ன அன்று பின்னேரம் அவளுடைய அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

“உன் அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை” என்றாள். “நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் வழமையான விலைக்கு எடுத்திருப்பேன். சுத்தம் செய்யும் செலவும் எங்களுடையதாக இருந்திருக்கும். இப்போது ஒப்பந்தம் இருக்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது.”

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வதிவிட அனுமதி புதுப்பிக்கும் மாதம் அது. வேலை கொடுப்பவரின் கடிதம் இல்லாமல் குடிவரவுக் கந்தோரில் பேசவே முடியாது. அவர்கள் கடிதத்தைத் தரும்வரை கௌரி சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறு வீட்டுக்கும் மூன்று வழி இருந்தது. சரக்கைத் திருப்பி எடுக்கலாம்; கப்பல் கூலியே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பறவைத் தீனி செய்பவருக்குப் பாதி விலைக்குத் தள்ளலாம். அல்லது தங்கள் செலவில் இங்கே சுத்தம் செய்யலாம். அடுத்த ஞாயிறு எல்லோரும் சிவலிங்கம் மாமா வீட்டில் கூடினார்கள். மாமா அம்மாவின் தமையன். ஆறு வீட்டுக்கும் கதைக்கிற ஆள் அவர்தான். இங்கே காலை, அங்கே மத்தியானம். அக்கா தொலைபேசியைக் கதிரையில் சாய்த்து வைத்தாள். ஹனீபா நானாவும் ஒரு ஓரத்தில் இருந்தார். எள்ளு விசயம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று மாமாவே கூப்பிட்டிருக்கிறார்.

முதலில் ஆதிரை வந்து முகத்தைக் காட்டினாள். “சாப்பிட்டாச்சோ செல்லம்?” என்று அம்மா கேட்க, “யா” என்று டச்சில் ஓம் சொன்னாள். “யா, யா” என்று அம்மாவும் சொன்னாள். இப்போதெல்லாம் அவளோடு கதைக்கும்போது அம்மா ஓம் சொல்வதில்லை.

நான் மூன்று வழியையும் சொன்னேன்.

“குருவிக்கோ?” என்றார் மாமா. “எங்கட எள்ளைக் குருவி தின்னவோ கப்பல் ஏத்தினனாங்கள்?”

“குருவியும் சும்மா தின்னாது மாமா, அதுக்கும் கல்லுப் பொறுக்கித் தாங்கோ எண்டு கேக்கும்” என்றாள் அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ, “சாம்பிளைப் பொறுக்காமல் விட்டிருந்தா இந்தக் கரைச்சலே இல்லை” என்றார். அம்மா நிமிர்ந்தாள்.

“சாம்பிள் எண்டால் நல்லதைக் காட்டாமல்? பொம்பிளை பார்க்க வாறவைக்கு முன்னால பழஞ்சீலையோடயோ பிள்ளையை விடுறது?” கழுத்தில் கை வைத்தாள். “சரி. பொறுக்கினது நான். செலவு முழுக்க நான் கட்டுறன். சங்கிலி இருக்கு.”

“ஒங்கட ஆக்களே இப்பிடித்தான்” என்று ஹனீபா நானா மெல்லச் சொன்னார். “நான் கைய உட்டாக் கோவம். இப்ப வெள்ளக்காரன் இரும்பால குத்துறான். அவனோட கோவிக்க ஏலுமா? தங்கச்சி, சங்கிலிய உடுங்க. நீங்க செஞ்சது வாற ஆளுக்கு மரியாத. அதப் பாத்து எடுக்க வேண்டியவன் எடுத்தீக்கணும்.”

அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றேன். “சாம்பிளைக் கொட்டின உடனே தெரியும், பொறுக்கினது எண்டு. சொல்லாமல் விட்டது நான். சொல்லியிருந்தால் இந்தச் செலவு உங்களுக்கு வந்திராது.”

“கண்ட உடனேயோ?” என்று அம்மா கேட்டாள்.

“ஓம் அம்மா.”

“என்னண்டு கண்டனி?”

“ஒரு உடைஞ்ச விதையும் இல்லை.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா எழுந்து தொலைபேசிக்குக் கிட்ட வந்தார். திரை முழுக்க அவர் முகம். “நீ படிச்சனியெல்லோ? உனக்குத் தெரியுமெண்டுதானே நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. கொம்மா கைநாட்டு வைச்சது அந்தக் கடுதாசியை நம்பியோ? உன்னை நம்பி.”

“முழுக் காசையும் நான் அனுப்பிறன் மாமா.”

“அனுப்புவாய். கோயிலுக்கு அனுப்பிற மாதிரி.” அவர் குரலில் இருந்தது கோபம் மட்டுமல்ல. “தேர் செய்யேக்க நன்கொடை அனுப்பினாய், பலகையில பேர் எழுதினம். கோயிலுக்கு வீட்டுக்கு வீடு போடுற வருசத்து வரி நீ கட்டுறேல்லை. வெளிநாட்டில இருக்கிறவையிட்ட வரி கேக்கிறேல்லை எண்டு ஊரில விட்டிருக்கு. இந்த விசயத்தில எங்களுக்கு நன்கொடை வேண்டாம்.”

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தலையாட்டினார், பிறகு இன்னொருவர். யார் யார் என்று சின்னத் திரையில் எனக்குத் தெரியவில்லை.

“சுத்தம் செய்யச் சொல்லு” என்றார் மாமா. “செலவை வரி மாதிரி வீட்டுக்கு வீடு போடுவம். ஆறு வீடு. உன்ர ஒரு வீடு. ஏழாப் பிரி.”

6

சுத்தம் செய்ய மூன்று நாள் எடுத்தது. ஆலைக் கூலி, ஏற்றி இறக்கியது, களஞ்சிய வாடகை, இரண்டாவது பரிசோதனை, கழிவில் போன எண்பத்து நான்கு கிலோ எள்ளு. எல்லாம் சேர்த்து, அன்றைய மாற்று விலையில் சில்லறையை விட்டுவிட்டு, ஐந்து இலட்சத்து நாற்பத்து நான்காயிரத்து அறுநூறு ரூபாய். அக்கா கொப்பியில் ஏழு வீட்டுக்காரரின் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். ஏழாவது பெயர் என்னுடையது. வீட்டுக்கு எழுபத்தேழாயிரத்து எண்ணூறு ரூபாய்.